பழைய அறிக்கைகளைப் போற்றுவோம்

தேர்வு முடிந்து நாம் கொண்டு செல்லும் மதிப்பெண் அட்டையை அம்மா பத்திரமாக எடுத்து வைப்பார். இந்த அட்டையை மட்டும் பார்த்தால் கணக்கில் 60 என்பதுதான் தெரியும். காலாண்டு அட்டையையும் அருகில் வைத்தால் அன்றோ, 80இலிருந்து 60க்கு இறங்கிவிட்டோம் என்பது விளங்கும்! கணினியின் மென்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

மென்பொருள் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பாகும். அதை எழுதுவோர் அடிக்கடி திருத்துவர். திருத்தும் ஒவ்வொரு முறையும் சோதிப்பர். அதன் முடிவைக் கூறுவதே சோதனை அறிக்கை. ஒன்றைத் திருத்தப் போய், நேற்று வரை ஒழுங்காக நடந்த வேறொன்று கெட்டுவிடுவதுண்டு. இதற்கு ‘ரிக்ரெஷன்’ என்று பெயர். தமிழில் பின்னடைவு எனலாம்.

இதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். இவ்வாண்டு கணினி வகுப்பில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். தேர்வுக்கு வராதவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று அது அச்சிடும். பல வாரங்களுக்குப் பின், தேர்வெழுதிப் பூஜ்யம் வாங்கியவருக்கும் ‘வரவில்லை’ என்றே வருவதைக் கண்டு திடுக்கிட்டோம். அது உண்மையான பட்டியலாயிருந்தால், பள்ளிக்கு வந்து தேர்வெழுதிய பெண் வீட்டில் என்ன பதில் சொல்வாள்?

இதற்கிடையில் 12 திருத்தங்கள் செய்திருந்தோம். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்ததை மட்டும் சரிபார்த்துவிட்டு, சோதனைத் தாளை எறிந்துவிட்டோம். எனவே பிழை எப்போது நுழைந்தது என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. நல்லவேளையாக நிரலின் பழைய பதிப்புகள் கணினியில் இருந்தன. “நடுவிலுள்ள பதிப்பைச் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் பிழை அதற்குப் பின்னே, தவறாக இருந்தால் அதிலோ அதற்கு முன்னேயோ” என்றார் சிஸ்டர். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்து, நான்கே சோதனைகளில் கண்டுபிடித்தோம். வரிகளைச் சுருக்குவதற்காகச் செய்த 7ஆம் திருத்தமே காரணம்! 1000 பதிப்புகள் இருந்தாலும் இம்முறையில் சுமார் 10 சோதனைகள் போதும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருளில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை உண்டு. ஆனால் அறிக்கைகளைச் சேர்த்து வைத்திருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நாளை அவையே காட்டியிருக்கும்.

அறிக்கையில் எவை இருக்க வேண்டும்? நாள், பதிப்பு எண், சோதித்த கணினி, கொடுத்த விவரம், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, ஆன நேரம் ஆகியவை. நேரத்தை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். 1 வினாடியில் முடிந்த வேலை சிறிது சிறிதாகக் கூடி 5 வினாடி ஆகலாம். ஒவ்வோர் அறிக்கையும் தனியே பார்த்தால் ‘வெற்றி’ என்றே சொல்லும். வரிசையாக வைத்தால்தான் தேய்வு தெரியும். தோல்வி அறிக்கைகளையும் மறைக்காமல் வைக்க வேண்டும். அதே பிழை மீண்டும் வந்தால் அடையாளம் காட்டுபவை அவையே.

குறித்து வைக்கும் இப்பழக்கம் புதிதன்று. 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் 70ஆம் ரிலேயில் ஒரு விட்டிற்பூச்சி சிக்கியிருந்தது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பணியாற்றிய குழுவினர், பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டி, பிற்பகல் 3.45 என்று நேரத்தையும் குறித்தனர். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்று அவர்கள் தாளைக் கிழித்தெறிந்திருந்தால் நமக்கு இது தெரியுமா?

இப்போது எங்கள் வகுப்பில் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் பூஜ்யம் வாங்கியவரின் வரியை முதலில் பார்க்கிறோம். பிறகு அறிக்கையை நாள்வாரியாகக் கோப்பில் சேர்க்கிறோம். தோழியரே, நீங்களும் சேர்த்து வையுங்கள். தவறு நேர்வது இயல்பு. அது நேர்ந்த நாளை அறிந்தால் திருத்துவது எளிது.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி