விமானியின் சொல்

ஆற்றில் வெள்ளம் ஓடுகிறது. அக்கரைக்குப் போக ஆட்கள் காத்திருக்கிறார்கள். "இன்று ஓடம் போகாது" என்கிறார் ஓடக்காரர். யார் அவசரப்படுத்தினாலும் அவர் ஓடத்தை எடுப்பதில்லை. ஆற்றின் இழுப்பு அவருக்குத் தெரியும். அதனால் ஊரார் அவர் சொல்லைக் கேட்கிறார்கள்.

விமானத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவர் தலைமை விமானி. அவரைக் கேப்டன் என்றும் அழைப்பார்கள்.

விமானம் ஏன் தாமதமாகிறது?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியில் மூடுபனி அதிகம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். சில விமானங்கள் வேறு ஊரில் போய் இறங்கும். பயணிகளுக்குக் கோபம் வரும். "அந்த விமானம் போகிறதே! நம் விமானம் மட்டும் ஏன் போகவில்லை?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலும் உண்டு. கடும் மூடுபனியில் இறங்க விமானத்தில் தனிக் கருவிகள் வேண்டும். விமானிக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் இறங்கலாம். இல்லாவிட்டால் காத்திருப்பதே நல்லது.

முடிவு யாருடையது?

1944-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பல நாடுகள் கூடின. விமானப் போக்குவரத்து பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் கீழ் உருவான விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. விமானத்தின் பாதுகாப்புக்குத் தலைமை விமானியே பொறுப்பு. விமானத்தைப் பற்றிய இறுதி முடிவும் அவருடையதே.

இந்த அதிகாரம் சும்மா கிடைப்பதில்லை. விமானி பல ஆண்டுகள் பயிற்சி பெறுகிறார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவரது திறமையைச் சோதிக்கிறார்கள். உடல்நலத்தையும் சோதிக்கிறார்கள். இந்தியாவில், பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் விமானி மது அருந்தக் கூடாது.

155 உயிர்கள்

தலைமை விமானியின் முடிவு எவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள். நியூயார்க் நகரிலிருந்து ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 155 பேர் இருந்தார்கள். சில நிமிடங்களில் வாத்துக் கூட்டம் ஒன்று விமானத்தில் மோதியது. இரண்டு என்ஜின்களும் வலுவிழந்தன.

விமான நிலையத்துக்கே திரும்பலாம் என்று தரையில் இருந்தவர்கள் வழி சொன்னார்கள். தலைமை விமானி சல்லன்பெர்கர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தார். அதுவரை போக முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார். படகுகள் விரைந்து வந்தன. 155 பேரும் பிழைத்தார்கள். விமானத்துக்குள் யாராவது தங்கிவிட்டார்களா என்று அவர் தேடிப் பார்த்தார். பிறகே வெளியே வந்தார். அவர் எடுத்த முடிவு சரிதான் என்று விசாரணையும் கூறியது.

மங்களூர் தந்த பாடம்

தலைமை விமானியும் மனிதர்தான். அவரும் தவறலாம். நம் நாட்டில் நடந்த ஒரு விபத்து இதைக் காட்டுகிறது.

2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் காலை. துபாயிலிருந்து ஒரு விமானம் மங்களூருக்கு வந்தது. 166 பேர் அதில் இருந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் பலர். மங்களூர் ஓடுபாதை மலைமேல் இருக்கிறது. ஓடுபாதையைத் தாண்டினால் பள்ளம்.

விமானம் அளவுக்கு மேல் உயரத்தில் வந்தது. வேகமும் அதிகம். இறங்க வேண்டாம், மீண்டும் மேலே எழும்பலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. அவர் 10,000 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். ஆனால் அன்று பயணத்தின்போது நீண்ட நேரம் தூங்கியிருந்தார். ஓடுபாதையின் நீளம் சுமார் 2,450 மீட்டர். அதில் சுமார் 1,600 மீட்டர் கடந்த பிறகே விமானம் தரையைத் தொட்டது. நிற்க இடம் போதவில்லை. பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் மட்டுமே பிழைத்தார்கள்.

அதனால்தான் விமானத்தில் இரண்டு விமானிகள் இருக்கிறார்கள். தவறு கண்டால் துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும். தலைமை விமானி அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதற்கென்றே அவர்களுக்குப் பயிற்சி உண்டு. இறங்க வந்த விமானம் சில சமயம் மறுபடி மேலே எழும்பும். பயணிகள் பயப்பட வேண்டாம். விமானி அவசரப்படவில்லை என்பதே அதன் பொருள்.

பயணிகள் செய்ய வேண்டியவை

இருக்கை வார் அணியச் சொன்னால் உடனே அணிய வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய அறிவிப்பைக் கவனித்துக் கேட்க வேண்டும். அவசர வழி எங்கே என்று பார்த்து வைக்க வேண்டும்.

வெளியேறச் சொன்னால் பைகளை விட்டுவிட்டு ஓட வேண்டும். பையைத் தேடினால் பின்னால் வருபவரின் வழி அடைபடும்.

தாமதமானால் காரணம் கேட்கலாம். உணவு, தங்கும் இடம் பற்றியும் கேட்கலாம். ஆனால் "எப்படியாவது கிளம்புங்கள்" என்று விமானியை நெருக்கக் கூடாது.

தாமதமாக வந்தாலும் வீட்டார் வரவேற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆள் நலமாக வந்து சேர்வதே.

கலந்து பேசுங்கள்

1. மூடுபனியில் சில விமானங்கள் இறங்குகின்றன. சில இறங்குவதில்லை. ஏன்?

2. மங்களூரில் துணை விமானி என்ன சொன்னார்? அதைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

3. உங்கள் ஊரில் பேருந்து ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்லி யாராவது நெருக்கியதுண்டா? அப்போது மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?