புதுமனைச் சுவருக்கு வாஷித் தாள்

காகித மல்பெரி எனப்படும் கோசோ மரத்தின் உட்பட்டை நாரிலிருந்து ஜப்பானில் கையால் வார்க்கப்படும் தாள் ‘வாஷி’ எனப்படும். நார்கள் நீளமானவை என்பதால், மெல்லியதாயினும் அது எளிதில் கிழியாது. புதுவீட்டின் பூச்சில் ஈரம் எஞ்சியிருந்தால் தாளில் கறையும் பூஞ்சையும் படியுமாதலால், ஒரு பிளாஸ்டிக் விரிப்பை நாற்புறமும் நாடாவால் சுவரில் ஒட்டி, மறுநாள் அதன் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஒட்டுவதற்குக் கோதுமை மாவுச்சத்துப் பசை உகந்தது. விளிம்பைக் கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடிட்டு மெல்ல இழுத்துப் பிரித்தால், நுனியில் பஞ்சுபோல் விரியும் நார்கள் அடுத்த தாளோடு கலந்து இணைப்பை மறைத்துவிடும். வெட்டிய விளிம்பில் இந்த அழகு வாய்ப்பதில்லை. மைக்காத் தூள் கலந்த வண்ணத்தை மரஅச்சால் பதித்த கியோத்தோவின் ‘காராகாமி’ தாளை, பக்கவாட்டு வெளிச்சம் விழும் சுவருக்கு ஒதுக்கலாம். சமையலறைக்கும் குளியலறைக்கும் வாஷி ஏற்றதன்று.