லைன் வீட்டு வாடகை

கேள்வி: குமாரபாளையத்தில் பத்து லைன் வீடுகள் கட்டி, தறிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு வீட்டில் வாடகை சரியாக வருவதில்லை. கரண்டைப் பிடுங்கினால்தான் வழிக்கு வருவார்கள் என்கிறார் பங்காளி. செய்யலாமா?
– வாசகர், குமாரபாளையம்

பதில்: பங்காளி பேச்சைக் கேட்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், பாக்கி வைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இரண்டு மாத வாடகை நின்றால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போகலாம். அதற்கு எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும். வாய்ப்பேச்சில் வீடு விட்டிருந்தால் முதல் வேலை அதுதான்.

ஆனால் கோர்ட்டுக்கு முன் ஒன்றைப் பாருங்கள். தறிக்காரருக்குக் கூலி வாரா வாரம். நீங்கள் கேட்பதோ மாதத்துக்கு ஒருமுறை, மொத்தமாக. சம்பள நாள் மாலையே கால் பங்கு வாங்கிக்கொண்டு, அவர் கண்ணெதிரே நோட்டில் வரவு வையுங்கள். பாதிப் பாக்கி இதிலேயே தீரும்.

பத்து வீட்டுக்கும் ஒரே மீட்டரா? சண்டையே அங்கிருந்துதான் கிளம்பும். வீட்டுக்கொரு இணைப்பு வாங்கினால், இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடியிருப்பவருக்கே கிடைக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று நீங்கள் வசூலிக்கும் தொல்லையும் இல்லை.

கேட்காத ஒன்று: செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிடுங்கள். கூலி குறைவு என்று ஆளை உள்ளே இறக்கினால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கே சிறை.