லண்டன் சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஊழியமா?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிசம்பரில் பிரிட்டன் சபைகளுக்குத் தன்னார்வலராகப் போகும் இளைஞர்களுக்கு:

* விசா: சாதாரண விசிட்டர் விசாவில், பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மொத்தம் 30 நாட்கள் வரையே தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் அறப்பணியாளர் விசா வேண்டும். சபையின் அழைப்புக் கடிதத்தைக் கையோடு வைத்திருங்கள்.
* நன்னடத்தைச் சான்று: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு பழகும் வேலை என்றால் போலீஸ் சான்று கேட்பார்கள். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.
* பலகாரம்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், பால், இறைச்சிப் பொருள்களுக்கு அங்கே தடை. பால், நெய் சேர்க்காத முந்திரிக்கொத்து கொண்டுபோகலாம்.
* போக்குவரத்து: டிசம்பர் 25 அன்று லண்டனில் மெட்ரோவும் பஸ்சும் ஓடாது. ஆராதனைக்குப் போய்வர முந்தின நாளே சபையாரிடம் கார் வசதி கேட்டுவையுங்கள்.
* குளிர்: மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். உள்ளே தெர்மல், மேலே மழை தாங்கும் கோட்டு அவசியம்.
* வீட்டுக்குப் போன்: நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். அங்கே இரவு 9 என்றால் ஊரில் அதிகாலை 2.30. மதியமே பேசிவிடுங்கள்.
* இன்சூரன்ஸ்: அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவர் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டிவரும். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்.