கம்ப்யூட்டருக்கு எதற்குப் போர்வை?

"நல்லா மூடித்தானுங்க வெச்சிருக்கோம், அப்புறம் தூசு எப்படிங்க போகும்?" திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் காதில் இந்தக் கேள்வி விழாத வாரமே கிடையாது. பனியன் கம்பெனி மேனேஜர் கேட்கிறார், ஆடிட்டர் ஆபீஸில் கேட்கிறார்கள், பிள்ளை படிக்க என்று வாங்கிக் கொடுத்த அம்மாவும் கேட்கிறார். கேட்கும்போது குரலில் ஒரு பெருமை வேறு. மூடி வைத்ததால்தான் கெட்டது என்று சொன்னால், ஏதோ கூடுதலாகப் பில் போடப் பார்க்கிறான் என்கிற பார்வைதான் பதிலாகக் கிடைக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டேலியில் கணக்குப் போடும் சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடும்போது சுமார் 60 முதல் 100 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் உள்ளே ஃபேன்கள் இருக்கின்றன. முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ உள்ள துளைகள் வழியாக அறைக் காற்று உள்ளே போகும். பிராசஸர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளின் சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறும். இந்தப் போக்குவரத்து நடக்கும்வரை கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மேசையைப் பாருங்கள். சிபியு வைக்கக் கீழே ஓர் அறை, முன்னால் கதவு, பின்னால் பிளைவுட், ஒயர் போக ஒரே ஓர் ஓட்டை. பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று எங்கே போகும்? அந்த அறைக்குள்ளேயே சுற்றி முன்பக்கம் வந்து, மறுபடியும் உள்ளே போகும். சூட்டை ஆற்ற வேண்டிய காற்றே சூடு. போதாக்குறைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். சிலர் கவரை முன்பக்கம் மட்டும் தூக்கிவிட்டு ஆன் செய்கிறார்கள். காற்று வெளியேறும் பின்பக்கம் மூடியபடியே கிடக்கிறது.

சரி, சூடானாலும் தூசாவது படாதே என்பீர்கள். அதுவும் இல்லை. தூசு தானாக நடந்து உள்ளே போவதில்லை, ஃபேன்தான் இழுத்துப் போகிறது. கதவு இடுக்கிலும் ஒயர் ஓட்டையிலும் நுழைகிற காற்றோடு அதுவும் வரும். அந்த அறை இருப்பதோ தரையை ஒட்டி, துடைப்பம் கிளப்பும் அத்தனையும் படிகிற இடத்தில். எங்கள் ஊரில் அது வெறும் தூசு அல்ல, பஞ்சு. கட்டிங் டேபிளில் துணி விரித்து வெட்டும்போது பறக்கிற பஞ்சு ஆபீஸ் ரூம்வரை வரும்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சுத்தமாத்தானே இருக்கு" என்பார்கள். பிராசஸர் ஃபேனின் மேற்புறம் அப்படித்தான் தெரியும். அதன் நான்கு மூலைப் பின்களைத் திருகித் தூக்கி, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே பாருங்கள். ஒரு சாம்பல் நிறப் பஞ்சுப் படலம் வட்டமாக அடைத்துக்கொண்டிருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். அடியில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்றுதான் தகட்டைத் தொடவே இல்லை.

இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதை நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் போனால் மெஷின் அணைந்துவிடும். காலையில் ஒழுங்காக ஓடி, மதியத்துக்கு மேல் 'ஹேங்' ஆகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நம்மவர்கள் சந்தேகப்படுவது வைரஸை. ஃபார்மட் அடிக்கிறார்கள், ராம் கூட்டுகிறார்கள், கடைசியில் புது மெஷினே வாங்குகிறார்கள். அதையும் அதே கதவுக்குள் வைக்கிறார்கள்! சூடு இன்னொரு வேலையும் செய்கிறது. எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையிலும் மதர்போர்டிலும் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் அறிந்த கணக்கு.

கவரே போடக் கூடாதா? போடலாம், மெஷினை அணைத்துச் சூடு ஆறிய பிறகு. கீபோர்டுக்கும் மானிட்டருக்கும் அது நல்லதும்கூட. ஓடும்போது வேண்டாம். மேசையின் கதவைக் கழற்றிவிடுங்கள், பின் பிளைவுட்டை அறுத்துவிடுங்கள். சிபியுவைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். மேற்கு ஜன்னல் வெயில், மழைக்கு ஓதம் ஏறும் சுவர், தாளிக்கும் புகை, சாம்பிராணிப் புகை இவை நான்கும் அண்டாத இடமாக இருக்கட்டும். எண்ணெய்ப் புகை படிந்த தகட்டில் ஒட்டிய தூசு ஊதினாலும் போகாது.

சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினை வாசலுக்குக் கொண்டுபோய்க் கை பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் கண்டபடி சுழன்று பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதினால் போதும், திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பனியன் கம்பெனியில் மாதம் ஒரு தடவை ஊதுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்குத் தலா இரண்டு வரி போதும்.

நம்பிக்கை: ஏசி ரூமில்தான் வைக்க வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.
உண்மை: 1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370 போன்ற, அறை நிறையும் இயந்திரங்களுக்கு அது சரி. இன்றைய மேசைக் கணினிகள் பலவற்றுக்கு 35 டிகிரி வரை பிரச்சினையில்லை என்று கையேட்டிலேயே இருக்கும். காற்றோட்டமுள்ள நிழலான அறை போதும். செருப்பைக் கழற்றுவது தரைக்கு நல்லது.

நம்பிக்கை: பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியே வைத்தால் கூலாக இருக்கும்.
உண்மை: சில டிகிரி குறையலாம். கூடவே பஞ்சும் பல்லியும் குடியேறும். தகட்டைக் கழற்றினால்தான் ஓடும் என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

நம்பிக்கை: மானிட்டர் பக்கத்தில் கள்ளிச்செடி வைத்தால் கதிர்வீச்சை இழுத்துக்கொள்ளும்.
உண்மை: எல்சிடி திரையில் அப்படி இழுக்க ஒன்றும் இல்லை. தொட்டியில் ஊற்றும் தண்ணீர்தான் கீபோர்டுக்கு ஆபத்து.

நம்பிக்கை: கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே அடித்துத் துடைத்தால் திரை பளிச்சென்று ஆகும்.
உண்மை: அம்மோனியா கலந்தவை திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். எதையும் திரைமேல் நேராக அடிக்க வேண்டாம்.

நம்பிக்கை: அக்னி மூலையில் வைத்தால் ரிப்பேர் வராது.
உண்மை: அந்த மூலையில் வைத்த மெஷின்களும் என் மேசைக்குத்தான் வருகின்றன.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் பாடியில் ஷாக் அடிப்பது உள்ளே தூசு சேர்ந்ததால்.
உண்மை: இதற்கு இரண்டு வரி போதாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றில் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடியில் 115 வோல்ட் அளவில் நிற்கும். மின்சாரம் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. எஸ்எம்பிஎஸ் உள்ளுக்குள் பழுதானால் அதே பாடியில் முழு 230 வோல்ட்டும் ஏறலாம். அன்றைக்கு உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த் ஒயர்தான்.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? காலுக்குக் கீழே ரப்பர் மேட் போடுகிறார்கள், செருப்புப் போட்டுக்கொண்டு டைப் அடிக்கிறார்கள், மூன்று பின் பிளக்கை இரண்டு பின் பாக்ஸில் சொருகுவதற்காக எர்த்துக்கான மேல் பின்னையே உடைக்கிறார்கள். எர்த் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டதோடு சரி, கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பல வீடுகளில் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது.

கம்ப்யூட்டர் கவர் வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் சொருகும் பாயிண்டில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தையும் வயரிங்கையும் சரிபார்த்த பிறகுதான் மெஷினை ஆன் செய்ய வேண்டும். அதே பாயிண்டில்தான் பல வீடுகளில் மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் ஓடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.