கையெழுத்திடாத கலைஞர்கள்

கலைஞர் என்றவுடன் ஓவியரும் பாடகரும் நம் நினைவுக்கு வருகின்றனர். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நம் தந்தையரைக் கலைஞர் என்று நாம் சொல்வதுண்டா?

பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம் என்றால் மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் நெய்ய, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். இதுவே கோர்வை. நம்மில் பலர் வீட்டில் அந்த மற்றொருவர் அம்மாதான். ஓர் இழை தவறினாலும் பிரித்து மீண்டும் நெய்ய வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் நாம் காணும் யாளி, சேலையிலும் உயிர் பெறுவது இவர்கள் கையால்தான்.

1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, நாட்டியத்தோடு நெசவையும் கலையாகப் போற்றி அங்கே தறிகளை அமைத்தார்.

ஆனால் நம் வீட்டில் நடப்பது என்ன? பாவும் ஜரிகையும் பிறர் தருபவை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நாள் ஆனாலும் அதுவே. 2005-06ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் காக்கப்பட்டது. நெய்தவர் பெயரோ முந்தானையில் இல்லை.

பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நம்மில் சிலர் ‘கூலி’ என்றே எழுதினோம். தோழியரே, அது அவர் பெறும் ஊதியம். அவர் செய்யும் தொழில் அன்று. இனி ‘பட்டு நெசவாளர்’ என்று எழுதுவோம். அவர் சேலையில் இடாத கையெழுத்தை நாமாவது இடுவோம்!