உறங்கும் ஆறும் உறங்கா நாய்க்குட்டியும்: சிறார் படநூல்களில் துயில்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தையைத் துயிலச் செய்யும் தமிழ் மரபு குரலை நம்பியது, இருளிலும் இயல்வது. படநூலோ கண்ணையும் விளக்கொளியையும் வேண்டுவது. இவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் தமிழ்ப் படநூல் தன் மரபிலிருந்து எவற்றைப் பெறவியலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தாலாட்டு, படநூல், துயில், அஃறிணை, பரமார்த்தகுரு கதை.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், இயேசு சபையினரின் மதுரை மறைப்பணியோடு தொடர்புடைய பழைய ஊர்களுள் ஒன்று. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர்களுள் ஒன்றாகவும் அது அறியப்படுகிறது. அவர் இயற்றிய பரமார்த்தகுரு கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். சிறாரை மட்டும் கருதி எழுதப்படாத இந்நூல், பின்னாளில் சிறார் கதையாகவே பெருவழக்குப் பெற்றது. அதன் தொடக்கக் கதையே ஓர் ஆற்றின் துயிலைப் பற்றியது. படநூல்களில் துயில் எவ்வாறு அமைகிறது என்னும் ஆய்வுக்கு அக்கதை பொருத்தமான தொடக்கமாகிறது.

1. அஃறிணையின் துயில்

குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடக்க வேண்டியுள்ளது. ஆறு விழித்திருக்கையில் கடப்பது இடர் என அஞ்சி, எரியும் கொள்ளியை நீரில் தோய்த்துச் சோதிக்கின்றனர். நீர் சீறிப் புகைகிறது. ஆறு விழித்திருப்பதாக முடிவு செய்கின்றனர். பின்னர் அணைந்துபோன அதே கொள்ளியைத் தோய்க்க, ஒலி எழவில்லை. ஆறு உறங்கிவிட்டதென நம்பி அரவமின்றிக் கடக்கின்றனர்.

இங்கு நகை பிறப்பது ஆறு உறங்கும் என்ற கற்பனையால் மட்டுமன்று. முதிர்ந்தவர் அதனை மெய்யென நம்பிச் சான்று தேடுவதால். அஃறிணைப் பொருள்களைக் கேட்பனவாகவும் பேசுவனவாகவும் கொண்டு கூறும் வழக்கை நன்னூல் ஏற்கிறது. புலவர்க்கு வழக்காகவும் சீடர்க்கு மடமையாகவும் அமையும் இது, குழந்தைக்கு இயல்பான உலகநோக்காகும். துயில்சார் படநூல் இந்நோக்கின்மீதே கட்டப்படுகிறது.

மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளமெண்ட் ஹர்ட் ஓவியம் தீட்டி 1947இல் வெளிவந்த ‘குட்நைட் மூன்’ இதற்குத் தக்க சான்று. படுக்கையிலிருக்கும் முயற்குட்டியின் அறைப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் இரவு வாழ்த்துக் கூறப்படுகிறது. பக்கங்கள் புரளப்புரள அறையின் ஒளி குறைகிறது; சாளரத்தில் நிலவு ஏறுகிறது. சொல் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வர, வண்ணம் இருளை நோக்கி நகர்கிறது. துயிலூட்டும் பணியில் ஓவியம் இங்குச் சொல்லுக்கு நிகராகப் பங்கேற்கிறது.

2. உறங்காத ஒருவர்

மற்றொரு வகைப் படநூல், எல்லாரும் உறங்க ஒருவர் மட்டும் விழித்திருக்கும் நிலையைக் காட்டுவது. பிரதம் புக்ஸ் வெளியிட்ட பிரீத்தி நம்பியாரின் ‘குட்நைட் டிங்கு’ இவ்வகையினது. பண்ணையில் யாவரும் துயிலச் செல்கையில், உறக்கம் வராத டிங்கு என்னும் நாய்க்குட்டி வெளியே சென்று, இரவில் இயங்கும் உயிரினங்களோடு நட்புக்கொள்கிறது.

இக்கட்டமைப்பு தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகை 6ஆம் பாடலில் பதுமனார் காட்டும் தலைவி, உலகம் துயிலும் நள்ளிரவில் தான் மட்டும் துயிலாதவள். அங்கு விழிப்பு தனிமையாகவும் துயராகவும் அமைகிறது. படநூலில் அதே விழிப்பு தோழமையாக மாறுகிறது. இருள் வெறுமையன்று, அதிலும் வாழ்வோர் உளர் என்று கண்டறியும் குழந்தையின் அச்சம் தணிகிறது. ‘பேசாமல் தூங்கு’ என்னும் கட்டளையால் இயலாததை இக்கதையமைப்பு இயற்றுகிறது.

3. தாலாட்டும் படநூலும்

‘தால்’ என்பது நாவைக் குறிப்பது. தாலாட்டு என்னும் பெயரிலேயே குரலின் முதன்மை வெளிப்படுகிறது. பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் பாடிய தாலாட்டுகளும், பிள்ளைத்தமிழின் தாலப் பருவமும் இதன் இலக்கிய வடிவங்கள். நாட்டார் தாலாட்டில், அழும் குழந்தையை அடித்தவர் யாரென வினவி உறவினரை வரிசைப்படுத்துவது பழகிய உத்தி. படநூல் பொருள்களை வரிசைப்படுத்துவது போல் தாலாட்டு உறவுகளை வரிசைப்படுத்துகிறது. இரண்டிலும் அமைதி தருவது வரிசையின் எதிர்பார்ப்பே.

நிலவைக் கையாள்வதில் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம் நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கிறது. வீட்டில் நிலாச்சோறு ஊட்டுகையிலும் நிலவு அழைக்கப்படுவதே. பிரவுனின் நூலிலோ நிலவு விடைபெறுகிறது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் இடர் விளைக்கும். ‘நல்லிரவு’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பாகலாம். ஆயின் தமிழ்க் குடும்பத்தில் தாய் குழந்தையிடம் கூறும் சொல்லன்று அது. வாய்விட்டுப் படிக்கப்படும் நூலில் இத்தகைய சொல் குரலைத் தடுக்கும்.

பிரிவு குறித்த தமிழ் வழக்கு இங்கு உதவும். விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்பர்; விடைகொடுப்போர் ‘போய் வா’ என்பர். துயிலைச் சாக்காட்டோடும் விழிப்பைப் பிறப்போடும் ஒப்பிடும் 339ஆம் குறள், உறக்கத்தில் உறையும் பிரிவச்சத்தை உணர்த்தவல்லது. அவ்வச்சத்துக்கு மீள்வரவை உறுதிசெய்யும் ‘போய் வா’ ஏற்ற மறுமொழியாகும். நிலவுக்கும் நாற்காலிக்கும் ‘போய் வா’ சொல்லும் பக்கம், இரவு வாழ்த்தின் பணியைத் தமிழ்க் குரலிலேயே ஆற்றும்.

முடிவுரை

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும், வாண்டுமாமா பிறந்த அரிமளமும் ஆவூர் அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களே. அவர்கள் வளர்த்த சிறார் இலக்கியத்தில் பாட்டும் கதையும் முன்னின்றன. இன்று பன்மொழிப் பதிப்புகளாக வெளிவரும் படநூல்களில் ஓவியம் எல்லா மொழிக்கும் பொதுவாகிறது. சொல் மட்டுமே மாறுகிறது. ஆதலின், தமிழ்ப் படநூலின் தமிழ்த்தன்மை அதனைப் படிக்கும் குரலில் தங்கியுள்ளது. அஃறிணைக்கும் துயிலளிக்கும் மரபு, உறவுகளை அடுக்கும் தாலாட்டின் தாளம், மீள்வரவைச் சொல்லும் விடைகொடுப்பு ஆகிய மூன்றும் அக்குரலுக்குத் தமிழ் ஈயும் வளங்கள். இவற்றைத் துறந்த மொழிபெயர்ப்பு பொருளைத் தரலாம்; துயிலைத் தருதல் அரிது.